ஆறாவது பெயர்

என் தங்கை செலினின் காலில் ஷூ நுழையவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த துன்பம் அப்படித்தான் தொடங்கியது.

1983-ஆம் வருடம். அவளுக்குப் பதினாறு வயது. எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் எங்கள் மாவட்டத்தில் அவளை முந்த ஆள் இல்லை. தினமும் விடிந்ததும் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வரை ஓடித் திரும்புவாள். நான் ஸ்டாப் வாட்ச்சோடு சைக்கிளில் கூடவே போய், நேரத்தை நோட்டில் எழுதுவேன். வாரத்துக்கு வாரம் நேரம் கூடிக்கொண்டே போனது. சோம்பல் என்று திட்டினேன். "இல்லக்கா, ஷூ இறுக்குது" என்றாள். வளர்கிற பெண்தானே என்று அப்பா ஒரு அளவு பெரிய ஷூ வாங்கி வந்தார். ஒரே மாதத்தில் அதுவும் இறுக்கியது. முகமும் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் ஓடினோம்.

இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து அம்மாவும் செலினும் தங்கினார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் இயந்திரத்தில் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். மாத்திரை விழுங்கக் குடிப்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள். அவளுக்கு ஆகவே ஆகாதவை அந்த இரண்டும்தான். தொட்டியத்து மாமா தன் தோட்டத்து வாழைத்தாரைச் சுமந்துகொண்டு வந்து, விஷயம் தெரிந்ததும் அதை மடியில் வைத்தபடி வராந்தாவில் உட்கார்ந்து அழுதார்.

"ரத்த சம்பந்தம் உள்ள யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பாள். எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டு வாங்க" என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டில் பட்டியல் எழுதுவது எப்போதும் நான்தான். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, திருச்சியில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும், அந்த இயந்திரத்துக்கு வேண்டிய பாகங்களின் பட்டியல் இருக்கும். அதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. எனவே அன்றைக்கும் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டேன். பெயர், வயது, ரத்த வகை, முடிவு. ஐந்து பெயர்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அம்மாவின் ரத்த வகை சேரவில்லை. மாமாவுக்கும் அப்படியே. பெரியப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. மிச்சம் இருந்தது உப்பிலியபுரத்துச் சித்தி. அவருக்கு ஒவ்வொரு சோதனையும் சரியாக வந்தது. மெட்ராஸில் தங்குவதற்குப் பெட்டிகூடக் கட்டிவிட்டார். கடைசிச் சோதனையில், செலினின் உடம்பு ஏற்காது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது பெயரையும் அடித்தேன்.

இதற்கிடையில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வேலை முடிந்து நேராக அந்தோணியார் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். அவர் வழியாக ஆண்டவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "ஒருத்தரைக் காட்டும்." மெட்ராஸில் அம்மாவும் அதையே கேட்டார்கள். எட்டு செவ்வாய் போயிற்று.

ஒன்பதாவது செவ்வாய், மதியச் சாப்பாட்டு வேளை. பக்கத்து மேஜை ரங்கநாயகி ஸ்ரீரங்கத்துப் பெண், என் வயதுதான். என் பையிலிருந்து நழுவிய பட்டியலை எடுத்துப் பார்த்தாள்.

"ஏண்டி ஸ்டெல்லா, இதிலே உன் பேரு எங்கே?"

பட்டியலை வாங்கி மடித்தேன்.

"தங்கைக்கு என்ன குரூப்?"

"ஓ."

"உனக்கு?"

"ஓ."

"ஒரு நட்டு விட்டுப்போனாலே டிராயிங்கை என் மூஞ்சியிலே விட்டெறியறவ நீ" என்றாள். தன் தயிர்சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.

என் ரத்த வகை எனக்குத் தெரியாததல்ல. ரத்த தானம் செய்த அட்டை என் பர்ஸிலேயே இருந்தது. நான் மறக்கவும் இல்லை. லால்குடியில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் எனக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணின் உடம்பில் கத்தி படக்கூடாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எங்கள் எல்லாருக்கும் தெரியும். நானும் அதற்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டேன். அதுதான் உண்மை.

அன்று மாலை கோயிலில் எனக்குக் கேட்பதற்கு எதுவும் இல்லை. தேடியது கிடைத்துவிட்டது. "பயமாக இருக்கிறது, கூட இரும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஆறாவது வரியில் என் பெயரை எழுதினேன். எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்குள் வந்த அமைதியை ஒரு மனிதரும் தந்ததில்லை.

அந்த வாரமே மெட்ராஸுக்குப் போய்ப் பட்டியலைக் காட்டினேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணைப் பிழைக்க வைக்க இன்னொண்ணை அறுக்கணுமா? லால்குடிக்காரங்களுக்கு என்னடி பதில் சொல்லுவேன்?"

"ஒருத்தரைக் காட்டு, ஒருத்தரைக் காட்டுன்னு நீதானம்மா கேட்டே. காட்டினதுக்கப்புறம் இது வேண்டாம், வேற ஆளைக் காட்டுன்னா எப்படி?"

அம்மா தன் கழுத்து ஜெபமாலையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள்.

சோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. ரத்த வகை சேர்ந்தது. சித்திக்குத் தவறிய கடைசிச் சோதனையும் எனக்குச் சரியாக வந்தது. லால்குடிச் சம்பந்தம் நின்றுபோனது. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் லீவு விண்ணப்பம் எழுதினேன்.

1984-இல், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஆபரேஷன். அதற்கு முந்தின நாள் காலை செலினின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவள் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"பட்டியல்ல உன் பேரு இல்லைன்னு நான் முதல் நாளே பார்த்துட்டேன்கா."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி?"

"நீ கவனிச்சுடக் கூடாதுன்னு தினமும் அந்தோணியார்கிட்ட வேண்டிக்கிட்டேன். உனக்குக் கல்யாணம் ஆகணும்ல?" ஐஸ்கட்டியைக் கடித்தாள். "அவருக்குப் பேரு கோடி அற்புதராம். என் ஒரு வேண்டுதலைக் கேட்கலை பாரு."

ஒரே வீட்டிலிருந்து ஒரே புனிதரிடம் இரண்டு ஜெபங்கள் போயிருந்தன. அவள் எனக்காகக் கேட்டாள், நான் அவளுக்காகக் கேட்டேன். ஆண்டவர் என்னுடையதைக் கேட்டார். அவள் கேட்டது வீணாகவில்லை என்பதும் என் விசுவாசம். ஆபரேஷன் மேஜைக்குப் போகும்போது எனக்கு இருந்த தைரியத்தில் பாதி அவள் ஜெபத்தால் வந்தது.

அவளுக்கு வைத்த சிறுநீரகம் அன்றே வேலை செய்யத் தொடங்கியது. அந்த ஈஸ்டருக்கு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தலையணையை வயிற்றில் அணைத்தபடி ஆஸ்பத்திரியில் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டோம். சிரித்தால் தையல் வலிக்கும்.

இப்போது இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. செலின் மாத்திரைகளைத் தவறவிடுவதில்லை. நேரம் போட்டு அட்டை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பந்தயங்களில் ஓட அவளுக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், மெதுவாக ஓடலாம். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கேட்கிறவர்களிடம் தழும்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கென்று ஆண்டவர் ஒருவரை வைத்திருந்தால், அவர் அதைக் கேட்டு ஓடாதவராக இருப்பார்.

போன மாதம் ஒரு காலையில் அவள் பழையபடி பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வரை மெதுவாக ஓடினாள். நான் சைக்கிளில் போனேன். ஸ்டாப் வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ரங்கநாயகி வீட்டு வாசலில் நின்று, ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் அண்ணாந்து குடித்தாள். "இன்னும் வேணுமா?" என்று கேட்டாள் ரங்கநாயகி. செலின் வாயைத் துடைத்துக்கொண்டு சொம்பை நீட்டினாள்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கலாம், பதில் வராத ஒரு ஜெபம் இருக்கலாம். விட்டுவிடாமல் கேளுங்கள். அவர் கேட்கிறார், இதற்கு நானே சாட்சி. யாரெல்லாம் உதவுவார்கள் என்று பட்டியல் எழுதினால், எழுதி முடித்ததும் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.