அப்பாவின் ரைபிளில் ஒரு சிவப்புக் கோடு

விழுப்புரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் கையில் எடுத்த துப்பாக்கியை இன்னும் விடவில்லை. சின்ன ரைபிளில் தொடங்கி, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு முந்நூறு மீட்டர் போட்டிக்கு வந்தேன். அதில் சுடுவது பெரிய தோட்டா. மைதானத்தில் ‘பிக் போர்’ என்போம். கிளப்பில் இருக்கும் ரைபிள்கள் எல்லாம் உயரமான ஆண்களுக்கு அளவெடுத்தவை. நான் ஐந்தடி. தோளில் சரியாகப் பதித்தால் விரல் விசைக்கு எட்டாது, விரல் எட்டினால் கன்னம் நழுவும். என் உடம்புக்கு ஏற்ப ஒன்று செய்துகொள்வதென்று போன வருடம் முடிவெடுத்தேன்.

திண்டிவனத்தில் ஓர் ஆர்மரர் இருக்கிறார். ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். முறையான லைசென்ஸ் வைத்துக்கொண்டு பட்டறை நடத்துகிறார். கலெக்டர் ஆபீஸ் அனுமதித் தாளோடு முதல் தடவை போனபோதே சொன்னார்: “டீச்சர், தோள்ல பதிக்கற கட்டையை அப்புறம் மாத்திக்கலாம், குழலை அப்புறம் மாத்திக்கலாம். ஆக்‌ஷன் தப்பாப் போச்சுன்னா மீதி எல்லாம் வேஸ்ட்டு. அத்த மொதல்ல முடிவு பண்ணுங்க.”

குழல் திருகி நிற்கும் இரும்பு உடல்தான் ஆக்‌ஷன். தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட் அதற்குள் ஓடி, முனையில் உள்ள இரண்டு புடைப்புகளால் பூட்டிக்கொள்ளும். தோட்டா வெடிக்கும்போது பின்னால் அறைகிற விசை முழுவதையும் அந்தப் பூட்டுதான் தாங்குகிறது. அதற்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் சுடுகிறவரின் முகம் இருக்கும்.

அவர் பார்வையில் எனக்குப் பொருத்தமானது ஒற்றைத் தோட்டா ஆக்‌ஷன். அடியில் தோட்டா அடுக்கும் ஓட்டை இல்லாததால் உடல் வளைந்துகொடுக்காது, குறி மாறாது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு அதைவிட வேறொரு ஆசை இருந்தது. அப்பாவின் ரைபிள்.

அப்பா விவசாயி. முண்டியம்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் ஊர். காட்டுப்பன்றி மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலை வயலை, கிளறிப் போட்டுவிடும் என்பதால், வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டுவதற்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். அவர் இறந்தபின் வாரிசு என்ற முறையில் அது என் பேருக்கு மாறியது. ஜெர்மன் மாதிரியில் செய்த பழைய போல்ட் ரைபிள். எழுத்தெல்லாம் தேய்ந்து, ஆக்‌ஷனில் நம்பர் மட்டும் தெளிவாக இருந்தது. அந்த ஆக்‌ஷனை வைத்துக்கொண்டு குழலையும் கட்டையையும் புதிதாகப் போட வேண்டும் என்பது என் திட்டம்.

“இது நல்லாத்தான் இருக்குதுண்ணே. ரெண்டு வாரம் முன்னாடிகூட ரேஞ்சுல பதினோரு ரவுண்டு சுட்டேன்” என்றேன்.

“இருக்கட்டும். டெஸ்ட் பண்ணிட்டுப் பேசுவோம்.”

குழலைக் கழற்றி, ஆக்‌ஷனை எண்ணெய்ப் பசை போகக் கழுவினார். சிவப்புச் சாயம் ஒன்றை அதன்மேல் பீய்ச்சினார். கால் மணி நேரம் விட்டுத் துடைத்தார். இரும்பு பளிச்சென்று ஆனது. பிறகு வெள்ளைப் பொடி போன்ற ஒன்றைத் தெளித்து வெளிச்சத்தில் வைத்தார். விரிசல் ஏதாவது இருந்தால், அதற்குள் இறங்கிய சாயம் வெள்ளையில் ஊறி வெளியே வருமாம். அவர் டீ சொல்லியனுப்பினார். நான் அடுத்த வாரப் பரீட்சைக் கேள்வித்தாளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், பேசாம இங்க வாங்க.”

போல்ட்டின் இடது புடைப்பு போய் உட்காரும் இடத்தில் ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. ஊசி முனையளவு ஆரம்பித்து, வளையத்தைச் சுற்றிக்கொண்டு பாதி தூரம் ஓடி நின்றது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் ஊறுகிற மாதிரி.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது. ராணுவத்தில் எத்தனையோ பார்த்தவர், கையிலிருந்த ஸ்பிரே டப்பாவைக் கீழே வைக்காமலே நின்றார்.

“எத்தினி ரவுண்டு சொன்னீங்க?”

“பதினொண்ணு.”

“பன்னெண்டாவது சுட்டிருந்தா இன்னா ஆயிருக்குமோ, எனக்குத் தெரியாது. போல்ட் பின்னால வந்திருந்தா கண்ணு இல்ல, தாடை இல்ல.”

என் கை தானாகவே வலது கன்னத்துக்குப் போனது. அந்தப் பதினோரு தடவையும் அந்தக் கன்னத்தைத்தான் கட்டைமேல் சாய்த்திருந்தேன். கடைசித் தோட்டா நன்றாக விழுந்ததென்று இன்னொன்று போட எடுத்தேன். மழை தூறியதால் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். அந்த மழைதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். வந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

ரைபிளை அவர் பட்டறையில் ரசீதோடு ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். விழுப்புரம் போகவில்லை, அம்மா வீட்டுக்குத்தான் போனேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

அம்மா கூடத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, அப்பா துப்பாக்கில விரிசல் இருக்குதும்மா. அது தெரியாம அதுல நான் சுட்டிருக்கேன்.”

அம்மா எழுந்து வந்தார். ஆறுதலாகத் தொடப் போகிறார் என்று நினைத்தேன். பளார் என்று அறைந்தார். என் வயது நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடம் போன நாட்களில்கூட அம்மா என்னை அடித்ததில்லை.

“அதுல எதுக்குடி சுட்ட? யாரக் கேட்டுச் சுட்ட?” என்று கத்தினார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

எனக்கு அறை விழுந்ததைவிட அந்தக் கேள்விதான் உறைத்தது. விரிசலா, எங்கே, எப்படி என்று அவர் கேட்கவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்றார்.

ஒருமுறை அப்பா சுட்டபின் போல்ட் இறுகிக்கொண்டு திறக்கவே இல்லையாம். பழுது பார்க்கிறவர் ஒருவர் தட்டித் திறந்து பார்த்துவிட்டு, இனிமேல் இதில் சுடவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். அப்பா அன்றே அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாதென்று.

“அப்போ பன்னிய எப்படி வெரட்டுனாரு? கொல்லைல சத்தம் ஊருக்கே கேக்குமே?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அவரு துப்பாக்கியத் தோள்ல மாட்டிக்கினு வரப்புல நடப்பாரு. நான் பொறத்தால பானைக்குள்ள வெடி வெப்பேன். தீவாளி வெடிதான். ஏழு வருஷம் அப்படித்தான் பண்ணிக்கினு இருந்தோம்.”

எலெக்‌ஷன் வரும்போதெல்லாம் அந்த ரைபிளை ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் பத்திரமாக வாங்கி வந்து, தவறாமல் ரினியூவல் செய்து வந்த மனிதர் அவர். ஊரில் துப்பாக்கிக்காரர் என்றுதான் அப்பாவுக்குப் பெயர்.

“ஏன் ஒப்படைச்சிட்டு வேற வாங்கல?”

“வேற தருவாங்களோ மாட்டாங்களோன்னு பயம். துப்பாக்கி போச்சுன்னா மரியாதை போச்சுன்னு நெனச்சாரு.”

எனக்கு அப்பாமேல் ஒரு பழைய கோபம் உண்டு. மாநில அளவில் மெடல் வாங்கி வந்த நாளில், ஒரே ஒரு ரவுண்டு உங்கள் ரைபிளில் சுடட்டுமா என்று கேட்டேன். “பொட்டப் புள்ள அத்தத் தொடக் கூடாது” என்றார். நான் சுட்ட கிளப் ரைபிள்களையெல்லாம் தூக்கிப் பார்த்துப் பெருமைப்பட்டவர் அப்படிச் சொன்னதை நான் மன்னிக்கவே இல்லை. அவர் மாரடைப்பில் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்தார். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

“நீ கேட்ட அன்னிக்கு அவரு சாப்பிடல. வேற இன்னா சொல்லித் தடுக்கறது, சொல்லு?” என்றார் அம்மா.

பாதுகாக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அதே மனிதர்தான் என்னைக் கொல்லக்கூடிய ஒன்றை, ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்காமல், என் பேருக்கு விட்டுப் போனார். இரண்டும் உண்மை. எதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன், நீயாவது ஏன் சொல்லவில்லை என்று. “நீ பீரோல நெனவுக்கு வெச்சிருப்பேன்னு இருந்தேன். நீ அதுல சுடுவேன்னு யாரு கண்டது?” என்றார்.

ஆர்மரர் எழுதித் தந்த அறிக்கையோடு ரைபிளைப் போலீஸில் ஒப்படைத்தேன். ஒற்றைத் தோட்டா ஆக்‌ஷனுக்கு மனுப் போட்டேன். எட்டு மாதம் கழித்து வந்தது. அதை அவர் சோதிக்கும் நாளில் அம்மாவும் திண்டிவனம் வருவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பினார். முடிந்ததும் ஆர்மரரிடம் கேட்டார்: “ஏம்ப்பா, இது எம்பொண்ணு மூஞ்சிய ஒண்ணும் பண்ணாதில்ல?”

“பண்ணாதும்மா. நானே நூறு தபா பாத்துட்டேன்.”

“இன்னொரு தபா பாரு.”

அவர் மறுபடி துடைத்து, மறுபடி பார்த்தார்.

புது ரைபிள் என் தோளுக்கு அளவெடுத்தது. விரல் விசைக்கு எட்டுகிறது. ஆனாலும் முதல் போட்டியில் கடைசிக்குச் சற்று மேலே வந்தேன். விசையைத் தொடும் நொடியில் கழுத்து தானாகப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. தோட்டா போடாமல் தினமும் ஐம்பது தடவை விசையை அழுத்திப் பழகுகிறேன். போன மாதம் ஒரு நாள் முப்பத்தாறாவது தடவை வரை கழுத்து அசையாமல் இருந்தது.