நிலைக்காலில் பூசிய காவி

குற்றாலத்துச் சிறு சபையில் உபதேசியாராக இருந்த அப்பா, பெரிய வாரத்தில் யூதருடைய பஸ்காவைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். எகிப்தில் தலைப்பிள்ளைகளைக் கொல்லச் சங்காரதூதன் வந்தபோது, ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீடுகளைக் கடந்து போனான், விடியும்வரை ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை, தலைப்பிள்ளைகள் பிழைத்தார்கள். நமக்கு அந்த ஆட்டுக்குட்டி கிறிஸ்துவே, இனி நிலையில் எதையும் பூச வேண்டியதில்லை என்று முடிப்பார். ஏழு வயதுப் பெண்ணான எனக்கு முன்பாதிதான் மனதில் தங்கியது.

அந்த ஆண்டு சாரல் தொடங்கியதும் அண்ணனுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. எங்கள் வீட்டுத் தலைப்பிள்ளை அவன். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். கர்த்தர் கைவிடமாட்டார் என்று சொல்லி அப்பா இரண்டு நாள் கட்டிலருகே முழங்காலில் நின்றார். மூன்றாம் நாள் காலையில் அண்ணனுக்கு மூச்சு கீச்சுக்கீச்சென்று இழுத்தது. சபைக் கோயில் சுவருக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த காவியை நான் கரைத்து, வேப்பங்கொத்தால் நிலைக்கால் இரண்டிலும் பூசினேன். மேலே எட்டவில்லை, முக்காலி போட்டு ஏறிப் பூசினேன். இனிப் பயமில்லை என்று இருந்தது.

மத்தியானம் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு எழுந்தார். நான் வாசலை மறித்தேன்.

"வெளிய போவக்கூடாதுப்பா. விடியுத வரைக்கும் யாரும் தாண்டக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய."

அப்பா நிலையைப் பார்த்தார். காவி அவர் சட்டையிலும் ஒட்டியிருந்தது.

"வழிய விடு, ஏட்டி" என்று என்னை ஒதுக்கிவிட்டு இறங்கினார்.

சீசன் நேரம். வண்டிகளெல்லாம் அருவிக்கு வந்தவர்களோடு போயிருந்தன. சாரலில் நடந்தே தென்காசிக்குப் போனார். அண்ணன் உயிரோடு திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து, சபையார் வீட்டில் இருக்கும்போதே நான் சொல்லிவிட்டேன்: "அப்பா வெளிய தூக்கிட்டுப் போனதாலதான் அண்ணன் செத்துட்டான்."

அம்மா கையை ஓங்கினாள். அப்பா தடுத்தார்.

"அவள அடிக்காத. நான்தான் கொன்னேன்."

அதன்பிறகு அவர் பிரசங்கம் செய்யவில்லை. செங்கோட்டையில் ஒரு மரக்கடைக்கு வேலைக்குப் போனார். நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து போகும்போது, கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருப்பார். என் வார்த்தையை அவரே ஒப்புக்கொண்டாரே என்று நான் நம்பினேன். அப்பாவை மன்னியும் ஆண்டவரே என்று ஒவ்வொரு நாளும் பெரிய மனதோடு ஜெபித்தேன்.

ஒரு நாள் முன்பே கொண்டுவந்திருந்தால் பையனைப் பிழைக்க வைத்திருப்பேன் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னாராம். அம்மா அதை என்னிடம் சொன்னது, அப்பாவையும் புதைத்துவிட்டு வந்த அன்றுதான்.