சர்வரோடு போன லாரி

போன ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டேன். புது ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு என் பழைய மதர்போர்டு ஒத்துவராது என்று பல மாதங்களாகத் திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. மிஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் மாற்றியே தீர வேண்டுமாம். திட்டிக்கொண்டே போர்டு, பிராசசர், ராம் எல்லாம் வாங்கி வந்துவிட்டேன். காதோரம் நரைத்த ஆள் கேம் விளையாடக் கம்ப்யூட்டர் மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால், கடையில் ‘ஆபீஸ் வேலைக்கு’ என்றேன். நான் எடுத்து வைத்திருந்த சாமான்களைப் பார்த்த கடைக்காரர், “எந்த ஆபீஸுங்க சார்? நானும் சேந்துக்கிறேன்” என்றார்.

பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினால், விசிறி முழுக்க வெள்ளைத் தூசி. நான் இப்போது குடியிருக்கும் பெரம்பலூரில் தூசி இப்படி இருக்காது. இது அரியலூர்த் தூசி. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் கலந்தது, ஈரத்துணி பட்டால் குழைந்து ஒட்டிக்கொள்ளும். மூக்கருகே கொண்டுபோனேன். அப்பாவின் காக்கிச் சட்டையில் அடித்த அதே வாசனை.

அப்பா லாரி டிரைவர். இளவயதில் நாக்பூர், லூதியானா வரைக்கும் லோடு ஏற்றிப் போனவர். இந்தியில் நாலு வார்த்தை பேசுவார், அதில் மூன்று கெட்ட வார்த்தை என்று அம்மா சொல்லும். பிற்பாடு சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் லோடு அடித்தார். ஒருநாள் இடது பாதத்தில் சின்னதாக ஒரு புண் வந்தது. சர்க்கரை உடம்பு. ஆறவே இல்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டால், ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

நான் அப்போது பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரியலூர் வீட்டிலிருந்து காலையில் பஸ், சாயங்காலம் திரும்ப பஸ். ஒரு கஸ்டமர் சலித்துப்போய்க் கடையில் விட்டுச் சென்ற கேமிங் ஸ்டீயரிங் ஒன்று மூலையில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், “என்ன சார், நம்ம வண்டிக்கு ஸ்பேரா?” என்றார். பஸ்ஸே சிரித்தது.

ஆன்லைனில் ஒரு லாரி ஓட்டும் கேம் இருந்தது. பெயர் வேண்டாம், அவர்களுக்கு இனி எதற்கு விளம்பரம். ‘வாங்கு’ என்று எழுதியிருந்த பட்டனை அமுக்கி, முழு விலை கொடுத்து வாங்கினேன். ஸ்டீயரிங்கை மேஜையில் மாட்டியதும், அதோடு வந்த பெடலைப் பார்த்துவிட்டு அப்பா முதலில் கேட்டது, “கிளட்ச் எங்கடா?”

“இது கிளட்ச் இல்லாத வண்டிப்பா. வலது கால் மட்டும் போதும்.”

அப்பா வலது காலால் பெடலை ஒருதரம் அமுக்கிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் லாரி ஓடியது. முன்கண்ணாடிக்கு மேலே பெயர் எழுதிக்கொள்ளலாம் என்றதும் எங்கள் குலசாமி பேரைப் போடச் சொன்னார். பனி கொட்டும் ஏதோ ஒரு வெளிநாட்டு ரோட்டில் எங்கள் அய்யனார் போய்க்கொண்டிருப்பார். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுக்கும்: “வண்டிய எங்கயாச்சும் ஓரங்கட்டிட்டு வாங்க, சோறு ஆறுது.” அவரும் பொறுப்பாக இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அந்த கேமில் வேறு ஊர்க்காரர்களும் ஓட்டுவார்கள். ஒருநாள் அப்பா ஹெட்போன் மைக்கில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். யாரென்று கேட்டதற்கு, “லூதியானா பக்கத்து ஆளு. இவனும் டிரைவருதான். முதுகு போயி வூட்டுல கெடக்கான்” என்றார். அப்பா அவரை, இந்திக்காரர்கள் அண்ணன் தம்பியைக் கூப்பிடுவதுபோல், ‘பாயி’ என்பார். பத்து மணிக்கு மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்க்கில் இரண்டு லாரியும் சந்திக்கும். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். போன் நம்பர் வாங்கி வையுங்கள் என்று நான் சொன்னதற்கு, “டெய்லி பாக்குறவன்கிட்ட நம்பர் எதுக்குடா?” என்றார்.

பிறகு கேமில் ஒரு பெரிய அப்டேட் வந்தது. புது மலைப்பாதை, புது மழை. எங்கள் கம்ப்யூட்டர் திணறியது. வண்டி விட்டு விட்டு நகர்ந்தது. “டீசல்ல தண்ணி கலந்தாப்புல இழுக்குதுடா. பாயி மேல ஏறிப் போயிட்டான், நான் இங்கனயே நிக்கிறேன்.” அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திருச்சிக்கு பஸ் ஏறிப்போய் வாங்கி வந்ததுதான் இந்த கிராபிக்ஸ் கார்டு. என் ஆசைக்குக் கலர் விளக்கு மின்னும் விசிறிகளையும் சேர்த்து வாங்கினேன். அப்பா கேபினட்டைக் குனிந்து பார்த்து, “என்னடா, உள்ள தேரு கீரு வுட்ருக்கானுவளா?” என்றார். ஆனால் அன்றைக்கு மலை ஏறினார். மழை கண்ணாடியில் வழிய வழிய ஏறினார்.

அடுத்த கோடைக்குள் அந்த அறிவிப்பு வந்துவிட்டது. கேமை மூடப்போகிறார்களாம். இங்கிலீஷில் வந்ததால் அப்பா தினமும் அதை மூலையில் தட்டி மூடிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்தேன். தனியாக ஓட்டுவதென்றாலும் கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும். சர்வர் நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

கம்பெனிக்கு எழுதினேன். நீங்கள் வாங்கியது கேமை அல்ல, விளையாடுவதற்கான அனுமதியை, அதை எப்போது வேண்டுமானாலும் நாங்கள் நிறுத்தலாம் என்று பதில் வந்தது. அப்படியென்றால் பட்டனில் ‘வாடகைக்கு எடு’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? இப்போது எல்லாமே இப்படித்தான். காசு கொடுத்து வாங்கிய சினிமா ஒருநாள் பட்டியலில் இருக்காது. வாங்கிய புத்தகம் போனிலிருந்து காணாமல் போகும். நான் கடையில் சேர்ந்த காலத்தில் கீறல் விழுந்த சிடியைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கொடுப்போம். பாதிப் படம் சிக்கிச் சிக்கி ஓடும். ஆனாலும் அதை வீட்டுக்குள் வந்து யாரும் எடுத்துக்கொண்டு போனதில்லை.

அரியலூரில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கம்பெனி எங்க இருக்கு தம்பி?” என்றார்.

“வெளிநாடுங்க சார். எந்த ஊருன்னு தெரியல.”

“அப்ப நோட்டீச எந்த ஊருக்கு அனுப்புறது?”

அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு அது பிடிபடவே இல்லை. “நாமதானடா வாங்குனோம்? நம்ம பேர்ல இருக்குற வண்டிய எவன் வந்து எடுப்பான்?” அப்புறம் சட்டென்று நிமிர்ந்தார். “பாயிக்குத் தெரியுமாடா?”

பாயி அப்போது இல்லை. கோதுமை அறுப்பைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளச் சொந்தக் கிராமத்துக்குப் போகிறேன், முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேமுக்குள்ளேயே அவர் பேருக்கு எங்கள் போன் நம்பரை அனுப்பி வைத்தேன். அவர் உள்ளே வந்தால்தான் அதைப் பார்ப்பார்.

மூடும் நாளன்று லீவு போட்டேன். அப்பா காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கேயும் ஓட்டவில்லை. நேராக அந்தப் பெட்ரோல் பங்க்குக்குப் போய், இன்ஜினை அணைக்காமல், நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட்டு நின்றார். வேறு லாரிகள் ஹாரன் அடித்தபடி கடந்து போயின. அம்மா சோற்றைப் பிசைந்து கிண்ணத்திலேயே கொண்டுவந்து கையில் கொடுத்தது. ஓரங்கட்டச் சொல்லவில்லை. மத்தியானம், எந்தச் சத்தமும் இல்லாமல், திரை கறுத்து ஒரு வரி இங்கிலீஷ் வந்தது.

“போயிடுச்சா?”

“போயிடுச்சுப்பா.”

கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. “அறுப்ப முடிச்சுட்டு வந்து பாத்தான்னா பங்க்கே இருக்காதேடா” என்றார்.

வேறு லாரி கேம் போட்டுக் கொடுத்தேன். இரண்டொரு நாள் ஓட்டினார். “ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். இணையத்தில் அந்த கேம் ஆட்கள் கூடும் இடங்களிலெல்லாம் பாயியைத் தேடினேன். கேமில் அவர் வைத்திருந்த பேரில் எங்கெங்கோ இருந்து பலர் வந்தார்கள். ஒருவரும் அவர் இல்லை. அடுத்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் பழைய டிரைவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சொல்லி அனுப்ப முடியாமல் போனது ஒருவருக்குத்தான்.

பாடாலூர்ப் பக்கம் ரோட்டோர தாபாவில் பஞ்சாப் நம்பர் லாரி நின்றால் இன்றைக்கும் என் வண்டி மெதுவாகிறது. இறங்கி யாரைக் கேட்பது? அவருடைய நிஜப் பெயர் தெரியாது, முகம் தெரியாது. அப்பா எப்போதும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். அதனால் அந்த மனிதரின் குரலைக்கூட நான் கேட்டதில்லை. அப்பா சிரித்தது மட்டும்தான் எனக்குக் கேட்டிருக்கிறது.