வருகிறானா, போகிறானா

ஓவியக் கூடத்தில் என் அக்காவுக்குக் காவல் வேலை. மூலையில் ஒரு நாற்காலி. யாராவது படத்தைத் தொட்டுவிடுவது போல நெருங்கினால் தொண்டையைக் கனைக்க வேண்டும், அவ்வளவுதான். "சும்மா உக்காந்திருக்கச் சம்பளமா?" என்று நான் கிண்டல் செய்தால், "நீ வந்து கொட்டாவி விடாம உக்காந்து பாரு" என்பாள்.

நாற்காலிக்கு எதிரே ஒரு பழைய டச்சு ஓவியம். வரைந்தவர் மேகம் மூடிய தன் ஊரை விட்டு இத்தாலிக்குப் போய், அந்த ஊர் வெயிலில் சொக்கிப்போய்த் திரும்பியவராம். இடிந்த வளைவு, ஓர் ஆறு, நாலைந்து மாடுகள். மாட்டுக்காரன் ஒருவன் வாசலில் நிற்கும் பெண்ணைப் பார்த்துக் கை தூக்குகிறான். எல்லாவற்றின் மேலும் தேன் நிறத்தில் வெயில்.

"சாயங்காலம்டா. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றான்" என்பாள் அக்கா.

அவளுக்கு அவன் வந்தே ஆக வேண்டும். லாரி எடுத்துக்கொண்டு போன மாமா, அவள் புருஷன், திரும்பவே இல்லை. லாரி மட்டும் வேறோர் ஊரில் பூட்டியபடி கிடைத்தது. செத்தாரா, ஓடிப்போனாரா, இன்றுவரை தெரியாது. கிளம்பும்போது "போறேன்" என்றாராம். எந்த மனுஷனாவது வாசலில் நின்று அப்படிச் சொல்வானா? "வரேன்னு சொல்லுங்க" என்று அக்கா கத்தியது இன்ஜின் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

போன வருடம் படத்தைச் சுத்தம் செய்ய எடுத்துப் போனார்கள். திரும்ப மாட்டிய அன்று நானும் போயிருந்தேன். தேன் நிறத்தைக் காணோம். வானம் வெளிர் நீலம். ஆற்றின் மேல், இத்தனை நாள் கண்ணில் படாத பனிமூட்டம்.

"பழைய வார்னிஷ் மஞ்சளா ஏறிக் கெடந்ததும்மா. இதுதான் அசல் நிறம். காலை நேரம்" என்றார் சுத்தம் செய்தவர், பெருமையாக.

"அப்ப இவன் வீட்டுக்கு வரலையா?"

"இல்லம்மா. மாட்டை ஓட்டிட்டுக் கிளம்பறான்."

அக்காவின் முகம் செத்துப்போனது. "உன்னை வேற ரூமுக்கு மாத்தச் சொல்லிக் கேளேன்கா" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. எழுந்து படத்துக்கு மிக அருகில் போய் நின்றாள். வேறு யாராவது என்றால் அவளே கனைத்திருப்பாள். தூக்கிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவனாவது வரேன்னு சொல்லியிருப்பான், இல்லடா?"

"சொல்லியிருப்பான்கா" என்றேன். வேறென்ன சொல்ல?