வாலிபால் பனியனில் பஷீரைத் தொங்கவிடாதீர்கள்

பஷீர் இறந்த செய்தி என்னிடம் போட்டோ கேட்டு வந்தது.

போன வாரம் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நம் ஊர் வாலிபால் குழுவின் செயலாளர் முருகேசன் போனில் கூப்பிட்டான். "பெரிப்பா, பஷீர் சார் தவறிட்டாருங்க. பேனர் அடிக்கணும். அவரு வாலிபால் பனியன்ல நிக்கிற போட்டோ உங்க வூட்ல இருக்காமே?"

முப்பது வருடத்துக்கு மேல் கல்வராயன் மலையில் கணக்கு வாத்தியாராக இருந்த மனிதன். வாலிபால் ஆடியது மொத்தம் மூன்றே வருடம். எனக்கு வந்த கோபத்தில் வாயிலிருந்த நுரை கோமுகி அணை வரை தெறித்திருக்கும். போட்டோ இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

ஆடினான், மறுக்கவில்லை. தியாகதுருகம் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அவன் எகிறி அடித்தால் பந்து தரையைத் தொடாது, தரைதான் பயந்து ஒரு முழம் கீழே இறங்கிக்கொள்ளும். மணலூர்பேட்டை அணி ஒருமுறை அவனைப் பார்த்த மாத்திரத்தில் வந்த பஸ்ஸிலேயே திரும்பியது. அந்த டிரைவர் வழியில் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை என்று கேள்வி. அப்பேர்ப்பட்ட அணிக்கு நான் கேப்டன்.

பியூசி முடித்ததும் தூரத்துக் கல்லூரி ஒன்று எங்கள் இருவரையும் அழைத்தது. இலவச சீட், இலவச ஹாஸ்டல், தினம் இரண்டு முட்டை, ஆளுக்கொரு ஜோடி ஷூ. பார்க்கப் போனோம். உடற்பயிற்சி ஆசிரியர் எங்களை மாப்பிள்ளைபோல வரவேற்றார். மைதானத்தைக் காட்டினார், கோப்பை அலமாரியைக் காட்டினார், பிரியாணி போட்டார். கை கழுவிவிட்டு பஷீர் கேட்டான்: "சார், லைப்ரரி எங்க?"

அவர் தன் இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்துவிட்டார். உள்ளே வலை, கம்பம், நாற்பது பந்து. அதற்குப் பின்னால் புத்தகங்கள். பஷீர் வலையைத் தாண்டிக் கையை நீட்டி நாலு கணக்குப் புத்தகங்களை உருவினான். கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்துகிற தாளைத்தான் முதலில் பார்த்தான்.

"கடைசியா இத எடுத்தவரு உயிரோட இருக்காரா சார்?"

நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன், அவர்கள் கொடுத்த புது ஷூவால்.

பிறகு அவன் தனியாக இன்னொரு கல்லூரிக்குப் போனான். அங்கே மைதானம் என்ற பெயரில் இரண்டு எருமைகள் நின்றதாகவும், புத்தகங்களில் தாளுக்கு மேல் தாள் ஒட்டி முத்திரை குத்தியிருந்ததாகவும் வந்து சொன்னான். அதில் சேர்ந்துவிட்டான்.

அவனைத் துரோகி என்றேன். அவன் பஸ் ஏறும் நாளில் குழுவில் ஒருத்தனும் ஸ்டாண்டுப் பக்கம் போகக்கூடாது என்று கேப்டனாக உத்தரவு போட்டேன். அதற்கு முந்தின நாள் அவன் கேட்டது இவ்வளவுதான்: "முட்டி போச்சின்னா அங்க உன்ன இன்னான்னு கேப்பாங்களாடா?"

முட்டை போட்ட கல்லூரியிலேயே நான் சேர்ந்தேன்; இரண்டாம் வருடம் முட்டி போனது. அந்தச் சத்தம் சேலத்தில் கேட்டிருக்கும். மறுநாள் முட்டை நின்றது, அந்த வாரமே ஹாஸ்டல் அறை போனது. பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் கொடுத்தவரைப் பார்த்து, "சார் புதுசா வந்திருக்கீங்களா?" என்று மரியாதையாக விசாரித்தேன். இரண்டு வருடமாக எனக்குப் பாடம் எடுத்தவர் அவர்.

பட்டமில்லாமல் ஊர் திரும்பி உரக்கடை வைத்தேன். தனியாகப் படித்துத் தேர்வெழுத ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தான் பஷீர். அவன் கண்ணெதிரே கிழித்தேன். சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கல்லாமேல் வைத்தான். "நீ கிழிப்பேன்னு தெரியும்டா. அதான் ரெண்டு வாங்கினு வந்தேன்."

அதையும் கிழித்தேன்.

அப்புறம் அவன் மலைக்கு மாற்றலாகிப் போனான். கோடையில் கல்லூரி வேன்கள் மலையேறி வரும், வேகமாக ஓடுகிற பிள்ளைகளைப் பொறுக்கிப்போக. பஷீர் பள்ளி வாசலில் மறிப்பான். "உங்ககிட்ட சேர்ந்து பட்டம் வாங்கின நாலு பேரு பேரச் சொல்லுங்க. மெடல் வாங்கினவங்க வேணாம்." பெயர் சொல்லத் தெரியாமல் எத்தனையோ வேன்கள் காலியாக இறங்கின. விளையாட்டுக்கு எதிரி என்று அவனை நம் குழுதான் ஊரெல்லாம் தூற்றியது. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் தூற்றினீர்கள். நான் அதற்குத் தலைமை தாங்கினேன்.

இரங்கல் கூட்டத்துக்குப் போனால், எங்கிருந்தோ போட்டோ பிடித்துப் பேனர் கட்டியிருந்தார்கள். பனியனோடு பஷீர். கீழே 'கைப்பந்துச் சிங்கமே'. மைக்கில் ஒருவர், "அன்னிக்கி மட்டும் அந்தக் காலேஜ்ல சேர்ந்திருந்தா இந்தியாவுக்கே ஆடியிருப்பாரு" என்று விம்மினார். முன்வரிசையில் பஷீரின் மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

செத்த பிறகும் அவனைத் தப்பு செய்தவனாக்கினால் பொறுக்குமா? ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"பெரிப்பா, முட்டி! எறங்குங்க!" என்றான் முருகேசன்.

"முட்டி போயி நாப்பது வருசம் ஆவுது. கத்தி குடுடா."

பேனரை அறுத்துப் போட்டுவிட்டு மைக்கைப் பிடுங்கினேன். "அந்தக் காலேஜ்ல சேர்ந்தவன் நான். என் கதி எல்லாருக்கும் தெரியும். அவன் தேர்ந்தெடுத்ததுதான் சரி. நான் திமிர்ல பேசினேன்." அவ்வளவுதான் சொன்னேன். கேட்க வேண்டியவன் முந்தின நாளே மண்ணுக்குள் போய்விட்டான்.

வெளியே வந்தபோது அவன் மனைவி நிறுத்திக் கேட்டார். "உங்களுக்கும் அவருக்கும் சண்டையா இன்னா? எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லியே."

அன்றைக்கே சொன்னேனே என்று என்னிடமும் அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வாரத்துக்கு ஒருமுறை மலையிறங்கி என் கடைக்கு வந்து டீ குடித்த மனிதன் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கடைசிவரை வெளியே விடவில்லை. பஷீரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான், அவன் சொல்லாமல் விட்டது.