இருபத்தாறு பாகை

அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. மேலட்டையில் ‘தரம் ஏழு, விஞ்ஞானம்’ என்பதை வெட்டிவிட்டு ‘மீன்தொட்டி’ என்று எழுதியிருக்கிறேன். பிற்காலத்தில் எதையும் திகதி போட்டுக் குறித்துவைக்கும் ஆளாக நான் மாறியதற்கு அதுதான் தொடக்கம். அதில் ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் ஒன்றரை மணிக்கு எதிரே 31 என்று இருக்கிறது. அதன் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்.

வாப்பா கட்டாரில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் வேலை செய்தார். கடைசியாக லீவில் வந்தபோது, சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியொன்றை வைத்து, கடல்நீர் நிரப்பி, கொழும்பிலிருந்து எடுப்பித்த, ஊரில் முருகைக்கல் என்று சொல்லும் உயிர்ப் பவளங்களையும் செம்மஞ்சள் மீன் இரண்டையும் அதற்குள் விட்டார். போகும்போது உம்மாவிடம் சொன்னது ஒன்றுதான். தண்ணீரின் வெப்பம் இருபத்தாறு பாகையில் நிற்க வேண்டும். இருபத்தெட்டைத் தாண்டி அங்கேயே நின்றால் பவளம் வெளிறத் தொடங்கும். தொட்டி ஒரு வருஷம் பிழைத்தால், இதேபோல ஹோட்டல்களுக்குச் செய்து கொடுத்துக்கொண்டு ஊரோடு இருந்துவிடலாம், திரும்பக் கட்டாருக்குப் போகத் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு. உம்மா இதை எனக்கு ஒரேயொரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவும் நேரம் இருக்கவில்லை.

அந்த வருஷம் நாள்தோறும் கரண்ட் வெட்டு. பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடந்தது. கச்சான் காற்று வேறு. வயல்வெளிகளைக் கடந்து மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று, கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கும்போதே எங்களை அவித்தது. உம்மா தொட்டியின் மூடியைக் கழற்றிவைப்பார். விளக்கை அணைப்பார். உறையவைத்த சோடாப் போத்தல்களைத் தண்ணீரில் மிதக்கவிடுவார். பிறகு ஒரு காட்போட் மட்டையை எடுத்து நீரின்மேல் விசிறத் தொடங்குவார். கை மாற்றி மாற்றி, சோறு அடுப்பில் கொதிக்கும்வரை, சிலவேளை கருகும்வரை. மூன்று மணிநேரத்துக்கு ஒரு தடவையும், சூடு ஏறினால் இடையிலும் நான் வெப்பமானியைப் பார்த்து எழுதுவேன். கரண்ட் வந்தாலும் உம்மாவுக்குக் காற்றில்லை. வீட்டிலிருந்த ஒரே விசிறி தொட்டியைப் பார்த்துத்தான் நின்றது.

உம்மாவின் காக்கா, என் மாமா, கல்முனைச் சந்தையில் மீன் வியாபாரி. போகும் வழியில் ஐஸ் தந்துவிட்டுப் போவார். சும்மா தரமாட்டார்.

“கடல் அந்தா கிடக்கு. நீ என்னண்டா அதை வீட்டுக்குள்ள வச்சி விசிறிக்கொண்டிரிக்காய்.”

“ஐஸைத் தந்துட்டுப் போங்க காக்கா.”

“முருகைக்கல்லுக்குக் காய்ச்சல் பாக்கிற வீடு இந்த ஊரில இது ஒண்டுதான்.”

“ஓம். அதுக்கு டொக்டரும் இரிக்கா,” என்று உம்மா கொப்பியும் கையுமாக நின்ற என்னைக் காட்டினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் போன கரண்ட், வரவேண்டிய பதினொரு மணிக்கு வரவில்லை. போத்தல்களெல்லாம் உருகிவிட்டன. பன்னிரண்டுக்கு 29. ஒன்றரைக்கு 31. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உம்மா மட்டையை என்னிடம் தந்துவிட்டு ழுஹர் தொழப் போன நேரத்தில்தான் மாமா ஐஸ் பெட்டியோடு வந்தார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்பதற்குள் தேங்காயளவு ஐஸ் கட்டியொன்றைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டார். சந்தை மீனுக்குப் போட்டிருந்த ஐஸ். அதில் செதில் ஒட்டியிருந்தது.

தொழுத உடுப்போடு வந்த உம்மா, தோள்வரை கையை விட்டு அதைத் தூக்கி வெளியே எறிந்தார்.

“காக்கா, இது செத்த மீனில்ல.”

மாமா ஐஸை உடைத்துப் பொலித்தீன் பைகளில் கட்டி மிதக்கவிட்டார். என் கையிலிருந்த மட்டையை வாங்கி அவரே விசிறினார். அன்றைக்கு அவர் திரும்பச் சந்தைக்குப் போகவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தபோது 28 என்று எழுதினேன். இரண்டு மீன்களும் தப்பின. வெள்ளிக்கிழமையளவில் ஒரு பவளம் மட்டும் சுண்ணாம்பு நிறமாகியது.

அந்தச் செவ்வாய் மாலை வாப்பா கட்டாரிலிருந்து போன் எடுத்தார். “எத்தினை நிக்கிது?”

“இருபத்தாறுதான். எல்லாம் சோக்கா இரிக்கி,” என்றார் உம்மா.

நான் 31-ஐ விரித்துக் காட்டினேன். உம்மா கொப்பியை வாங்கிக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போனை என்னிடம் தந்தார். அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன்.

“எனக்கென்ன மகள், கடைக்குள்ள ஏசி. குளிர் தாங்க ஏலாம இரிக்கி.”

கவிழ்ந்து கிடந்த கொப்பியைப் பின்னட்டைப் பக்கமாகத் திறந்ததால்தான் அதன் கடைசிப் பக்கத்தை அன்று பார்த்தேன். அங்கே உம்மாவின் கையெழுத்தில், பென்சிலால், ‘வாப்பா’ என்று தலைப்பு. கீழே திகதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். 45, 46, 46, 47. உம்மா மத்தியானங்களில் போனைப் பார்த்து ஏதோ எழுதுவதைக் கண்டிருக்கிறேன், அது இதுதானா என்று நினைத்தேன். வாப்பாவின் கடைத் தொட்டிக் கணக்கு என்று முடிவுசெய்தேன். நாற்பத்தாறு பாகையில் மீன் நீந்தாது, வெந்து ஆணமாகிவிடும். உம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர், பிழையாக எழுதிவிட்டார். நான் அழிறப்பரை எடுத்து, பதினான்கு வரிகளிலும் முன்னாலிருந்த நாலை அழித்து, இரண்டு என்று திருத்தமாக எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் உம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர் மகள் இதை மாத்தின?”

“நான்தான். நீங்க நாலு எண்டு போட்டிருந்தீங்க உம்மா. ரெண்டுதானே வரணும்?”

“ஓம் மகள்,” என்றார். “ரெண்டுதான் வரணும்.”

பிறகு போனைப் பார்த்தார். பென்சிலை எடுத்து, அன்றைய திகதிக்கு எதிரே அவரே 26 என்று எழுதினார்.

கட்டாரில் அந்தக் கடை மூடி அப்போது ஐந்து மாதமாகியிருந்தது என்பதும், வாப்பா அந்த நாற்பத்தாறு பாகை வெயிலில் ரோட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதும், அது உம்மாவுக்கு மட்டும் தெரியும் என்பதும் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்றைக்கு, உம்மா ஒருவழியாகப் பிழையில்லாமல் எழுதப் பழகிவிட்டார் என்று நினைத்து, அந்தப் பதினைந்தாவது வரிக்குச் சிவப்புப் பேனாவால் ஒரு சரி போட்டேன்.