மணி அடிக்காத ஈஸ்டர்

இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, பிறகு வேறு எதையோ எழுதி அனுப்பிய வாரங்கள் எத்தனையோ. எங்கள் பங்குக் கோயில் மக்கள் மனம் நோகுமே என்று வருடக்கணக்கில் தயங்கிவிட்டேன்.

போன வாரம் பொம்மிடியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு கதை சொன்னார்.

"கடத்தூர் பக்கம் ஒரு பொண்ணுக்குப் பேய் பிடிச்சிருந்துச்சாம். ஈஸ்டர் பூசையில ஓடியே போச்சாம். இப்ப அந்தப் பொண்ணு கன்னியாஸ்திரியாம்ங்க!"

அந்தப் பூசையில் நானும் இருந்தேனே...

எண்பதுகளின் நடுவில் நடந்தது அது. எங்கள் தெரு லூர்தம்மாவின் மகள் ரோசிக்கு எட்டு வயதிருக்கும். பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஞாயிறு பூசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவள், ஆண்டவரின் உடலான நற்கருணை அப்பத்தைச் சாமியார் உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்தில் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். வாராவாரம், அதே நேரத்தில்!

ஊருக்கு அது போதாதா? ஆண்டவரைக் கண்டதும் கத்துகிறது என்றால், உள்ளே இருப்பது வேறென்ன?

ரோசியின் பெரியப்பா முடிவே செய்துவிட்டார். ஈஸ்டருக்கு மறுநாள் தெற்கே ஒரு கோயிலுக்குக் கொண்டுபோய், பேய் போகும்வரை சங்கிலியில் கட்டிப்போடுவது.

"சின்னப் புள்ளைங்க மாமா..." என்று லூர்தம்மா அழுதாள்.

"பேய்க்கு ஏதும்மா சின்னது பெருசு?" என்றார் அவர்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தது. அன்று பூசையின் தொடக்கத்தில் வானவர் கீதம் பாடும்போது மணி அடித்ததோடு சரி. ஈஸ்டர்வரை, எழுந்தேற்றத்துக்குக்கூட மணிக்குப் பதில் மரக்கட்டைதான் தட்டுவோம். துக்கத்துக்கு அடையாளம். அந்த வருடம் கட்டை தட்டும் வேலை எனக்கு. மாங்காய் பறிக்கப் போயிருந்த லூர்தம்மா, மணி ஓய்ந்த பிறகுதான் மகளோடு கோயிலுக்குள் வந்தாள்.

எழுந்தேற்றம். டொக்... டொக்... என்று தட்டினேன். ரோசி அலறவில்லை.

பூசை முடிந்ததும் லூர்தம்மா ஓடி வந்தாள். "அண்ணா, எம்பொண்ணு கத்தலீங்க! நல்லா நிமிந்து பார்த்துச்சுங்க!"

பக்கத்தில் நின்ற, கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் சிரித்தார். "பேயும் பெரிய வியாழனுக்கு லீவு போட்டுடுச்சாட்டம் இருக்குது."

"பேய் இல்லீங்க, மணிங்க! அந்த மணிச் சத்தந்தாங்க அதுக்கு ஆகலை!"

நேரே சாமியாரிடம் போனாள். "சாமி, ஈஸ்டருக்கும் கட்டையே தட்டச் சொல்லுங்க. எங்க மாமா கண்ணால பாக்கணும். இல்லீன்னா புள்ளையக் கட்டிப்போட்டுடுவாங்க."

ஈஸ்டருக்கு மரக்கட்டையா? உயிர்த்த ஆண்டவருக்குத் துக்கச் சத்தமா? சாமியார் என்னைப் பார்த்து, "அந்தக் கட்டைய எடுத்து வச்சிடாதப்பா" என்றார்.

ஈஸ்டர் காலைப் பூசை. கட்டையைப் பார்த்ததும் கோயிலெங்கும் முணுமுணுப்பு. 'ஆண்டவரே, தப்பென்றால் பொறுத்துக்கொள்ளும்' என்று சொல்லிக்கொண்டுதான் தட்டினேன். ரோசி பீடத்தைப் பார்த்தபடி அமைதியாக நின்றாள். அவள் பெரியப்பா பீடத்தைப் பார்க்கவில்லை. அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் யாரும் தெற்கே போகவில்லை.

இன்று இதற்கு ஆட்டிசம் என்று டாக்டர்கள் பெயர் சொல்கிறார்கள். பிறகும் இப்படிப் பலரைப் பார்த்துவிட்டேன். பாப்பாரப்பட்டி சந்தைக் கூட்டத்தில் தாயின் முந்தானைக்குள் முகம் புதைத்துக்கொண்ட பையன்... பஸ் ஹாரன் கேட்டாலே துடிக்கும் என் மச்சினன் மகன்... ஒவ்வொரு முறையும் என் மனம் முதலில் தேடுவது ஒன்றைத்தான் — இந்தப் பிள்ளைக்கு எந்த மணி அடிக்கிறது?

ரோசி கன்னியாஸ்திரி ஆகவில்லை. அம்மாவோடுதான் இருக்கிறாள். இன்றும் பேச்சு இல்லை. மணி அடித்தால் இன்றும் காதைப் பொத்துகிறாள்.

ஆகவே, இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். பேய் ஓடியது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அன்று எங்கள் கோயிலை விட்டு வெளியே போனது ஒரு மணிச் சத்தம்தான்!